அதிர்வு ஆற்றல் அறுவடைக் கருவிகளின் செயல்திறன் மேம்பாடு: அளவுகோல் குறித்த ஒரு திறனாய்வு – தாம்பரம் புறநகர் ரயில் தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சுற்றுப்புறத்தில் நிகழும் அதிர்விலிருந்து சிறிதளவு மின்னாற்றலைப் பெறும் கருவிகளின் செயல்திறனை உயர்த்துவது குறித்துக் கடந்த முப்பது ஆண்டுகளில் ஏராளமான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆய்வகத்தின் அதிர்வு மேசையில், ஒரே அதிர்வெண்ணில் கிடைக்கும் உச்சத் திறனையே அவற்றுள் பல வெற்றியின் அளவாகக் கொள்கின்றன. அந்த அளவுகோல் களத்திற்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. தாம்பரம் – சென்னைக் கடற்கரை ரயில் தடத்தையும் தாம்பரம் வட்டாரத் தொழிற்கூடங்களின் மோட்டார்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு எளிய கணக்குகள் வழியே இவ்வினா ஆராயப்படுகிறது. உச்சத் திறனை இருமடங்காக்கும் ஒரு மேம்பாடு, களத்தில் கிடைக்கும் திறனைப் பாதியாகக் குறைக்கவும் கூடும் என்பது காட்டப்படுகிறது. ஒரு நாளில் பளுவுக்குச் சென்று சேரும் நிகர ஆற்றலே செயல்திறனின் அளவாக அமைய வேண்டும் என்பது கட்டுரையின் முடிபு.

முதன்மைச் சொற்கள்: அதிர்வு ஆற்றல் அறுவடை, ஒத்ததிர்வு, செயல்திறன், பட்டை அகலம், அழுத்தமின் பொருள், தாம்பரம், புறநகர் ரயில்.

முன்னுரை

ஓடும் எந்திரம், கடந்து செல்லும் வண்டி, காற்றில் அசையும் பாலம் ஆகிய யாவும் அதிர்கின்றன. அந்த அதிர்வின் ஒரு சிறு பகுதியை மின்னாற்றலாக மாற்றி, மின்கலம் இன்றியே ஓர் உணரியை இயக்க இயலுமா என்னும் வினாவிலிருந்து அதிர்வு ஆற்றல் அறுவடை என்னும் துறை வளர்ந்தது. 1996இல் வில்லியம்ஸ், யேட்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட எளிய மாதிரி இத்துறைக்கு அடிப்படையாயிற்று. ஒரு பொருண்மை, அதைத் தாங்கும் சுருள்வில், அசைவைத் தடுக்கும் இருவகைத் தடைகள் ஆகியவற்றால் ஆனது அம்மாதிரி. ஒரு தடை காற்றாலும் பொருளின் உள் உராய்வாலும் ஏற்படுவது. அதில் செல்லும் ஆற்றல் வீணாகிறது. மற்றொன்று மின்னாற்றலை எடுப்பதால் ஏற்படுவது. அதில் செல்வதே அறுவடை. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட கருவியாயினும், பீசோ என வழங்கும் அழுத்தமின் பொருள் ஒட்டிய சட்டமாயினும், இரண்டும் இம்மாதிரியுள் பெரும்பாலும் அடங்கும்.

சென்னையின் தெற்கே கிண்டி முதல் தாம்பரம், வண்டலூர் வரையிலும் அதற்கப்பாலும் பொறியியல் கல்வி நிறுவனங்கள் நெருங்கி அமைந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் எஸ். எஃப். அலி, அ. ஆரோக்கியராஜன் முதலியோர் காந்த விசையால் இருநிலைப்படுத்திய அறுவடைக் கருவிகளைக் குறித்து ஆராய்ந்துள்ளனர். எஸ். நாராயணன் இணையாசிரியராக அமைந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, சீரற்ற அதிர்வுக்கு உள்ளாகும் நேர்கோட்டுத்தன்மையற்ற கருவியை நிகழ்தகவுச் சமன்பாட்டின் வழி ஆராய்ந்தது. உலக ஆய்வுலகின் உரையாடலில் இப்பகுதி பங்கு கொள்கிறது என்பதற்கு இவை சான்று. ஆகவே, எதை மேம்பாடு என்று கொள்வது என்னும் வினா இங்குள்ள ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் நேரடியானது. ஓர் ஆய்வேட்டின் முடிவுரை எந்த எண்ணை முன்வைக்க வேண்டும் என்பதை அந்த வினாவுக்குரிய விடையே தீர்மானிக்கிறது.

1. செயல்திறன் என்னும் சொல்

தமிழ்ப் பாடநூல் மரபில் ஒரு நொடியில் செய்யப்படும் வேலை 'திறன்' எனப்படும். கொடுத்த ஆற்றலுக்கும் பெற்ற பயனுக்கும் உள்ள விகிதம் 'பயனுறு திறன்' எனப்படும். ஒரு கருவி தன் பணியை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதைக் குறிக்கச் 'செயல்திறன்' என்னும் சொல் வழங்குகிறது. மூன்றிலும் 'திறன்' என்னும் பகுதி பொதுவாக நிற்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் நுழைந்துவிடுகிறது. 'செயல்திறன் உயர்ந்தது' என்னும் தொடருக்கு உச்சத் திறன் உயர்ந்தது என்றும், பயனுறு திறன் உயர்ந்தது என்றும், கருவி தன் பணியை முன்னினும் நன்றாகச் செய்கிறது என்றும் பொருள் கொள்ளலாம்.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில ஆய்வுகளிலும் திறன் அடர்த்தி என்னும் ஒற்றை எண் இம்மூன்றுக்கும் பதிலாக நிற்பதைக் காணலாம். பீபியும் உடனாய்வாளரும் 2007இல் முன்வைத்த அளவு, கிடைத்த திறனைக் கருவியின் கனஅளவாலும் முடுக்கத்தின் இருமடியாலும் வகுத்தது. வெவ்வேறு அதிர்வு மேசைகளில் சோதித்த கருவிகளை ஒப்பிட அது உதவியது. ஆயினும் கருவி எத்தனை அதிர்வெண்களுக்கு ஈடுகொடுக்கும் என்பதை அது காட்டவில்லை. மிட்செசனும் உடனாய்வாளரும் 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வு, கனஅளவு சார்ந்த தர எண்ணுடன் பட்டை அகலத்தையும் சேர்த்துக்கொள்ளும் மற்றொரு தர எண்ணை முன்வைத்து இக்குறையை ஓரளவு நிரப்பியது. எனினும், அதிர்வு எவ்வளவு நேரம் நிகழ்கிறது, மின்சுற்றைக் கடந்து எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறது என்னும் இரு வினாக்களும் அத்தர எண்களுக்குள் அடங்கவில்லை.

2. உச்சம் உயர்வதும் களம் தாழ்வதும்

வில்லியம்ஸ், யேட்ஸ் மாதிரியின்படி, இயந்திரத் தடையும் மின் தடையும் சமமாக அமையும்போது ஒத்ததிர்வில் பெருமத் திறன் கிடைக்கும். பொருண்மையை முடுக்க வீச்சின் இருமடியால் பெருக்கி, வரும் எண்ணைப் பதினாறு, இயந்திரத் தடையுறு விகிதம், கோண அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் அத்திறன் கிடைக்கும். இதிலிருந்து பெறப்படும் பாடம் எளிது: தடையுறு விகிதத்தைக் குறைத்தால் உச்சம் உயரும். நல்ல பிடிமானம், குறைந்த உள் உராய்வுடைய உலோகம், வெற்றிடப் பொதிவு என்று பல வழிகள் இதற்காகக் கையாளப்படுகின்றன.

10 கிராம் பொருண்மையும் 50 ஹெர்ட்ஸ் இயல் அதிர்வெண்ணும் உடைய ஒரு கருவியை எடுத்துக்கொள்ளலாம். முடுக்க வீச்சு நொடியின் இருமடிக்கு 1 மீட்டர். இயந்திரத் தடையுறு விகிதம் 0.01. ஒத்ததிர்வில் இக்கருவி தரும் திறன் ஏறத்தாழ 0.2 மில்லிவாட். மின் தடையையும் சேர்த்தால் மொத்தத் தடையுறு விகிதம் 0.02, எனவே திறன் பாதிக்குக் குறையாமல் நிற்கும் பட்டையின் அகலம் 2 ஹெர்ட்ஸ் மட்டுமே. மூலத்தின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸாக நகர்ந்தால் திறன் உச்சத்தின் 4 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ 8.4 மைக்ரோவாட்டாக வீழ்கிறது.

இப்போது கருவி மேம்படுத்தப்படுகிறது என்று கொள்வோம். இயந்திரத் தடையுறு விகிதம் 0.005ஆகக் குறைக்கப்பட்டு, மின் தடையும் அதற்குச் சமமாக அமைக்கப்படுகிறது. ஒத்ததிர்வில் கிடைக்கும் திறன் 0.4 மில்லிவாட்டாக உயர்கிறது. ஆய்வேட்டில் இது நூறு விழுக்காட்டு மேம்பாடு. ஆனால் பட்டை அகலம் 1 ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிட்டது. 55 ஹெர்ட்ஸில் கிடைக்கும் திறனோ 4.3 மைக்ரோவாட்டாக, முன்பிருந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. உச்சத்தில் இருமடங்கு, விலகலில் பாதி. இரண்டு எண்களும் ஒரே கருவியைப் பற்றியவை, இரண்டும் உண்மை. எது அறிக்கையில் இடம்பெறுகிறது என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

அதிர்வெண் மாறாத மூலத்துக்கு இம்மேம்பாடு பொருத்தமானதே. மூலம் பத்து விழுக்காடு அலைவுறும் இடத்தில் அதே மேம்பாடு கேடாக முடிகிறது. எனவே மூலத்தின் இயல்பைக் கூறாமல் 'செயல்திறன் உயர்ந்தது' என்பது முற்றுப்பெறாத கூற்றாகும்.

3. தாம்பரம் தடத்தில் ஒரு கணக்கு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான சுமார் 30 கிலோமீட்டர் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் என நிலையங்கள் நெருக்கமாக அமைந்த தடம் இது. ரயில் தண்டவாள அதிர்விலிருந்து மின்னாற்றல் பெறும் கருத்து உலக ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படுவதால், இத்தடம் பொருத்தமான சோதனைக் களமாகிறது.

முதலாவதாக அதிர்வெண்ணை நோக்கலாம். இந்திய அகலப் பாதையில் கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் கட்டைகள் என்னும் அளவு வழக்கில் உள்ளது. கட்டைகளுக்கு இடையிலான தொலைவு சுமார் 60 சென்டிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 28 கட்டைகளைக் கடக்கிறது. தண்டவாள அதிர்வில் அடங்கும் பல அதிர்வெண்களுள் இதுவும் ஒன்று. வேகம் 40 கிலோமீட்டராகக் குறைந்தால் இது 18.5 ஹெர்ட்ஸாகிறது. 28 ஹெர்ட்ஸுக்கு இசைத்த, மொத்தத் தடையுறு விகிதம் 0.02 உடைய கருவியின் பட்டை அகலம் 1.1 ஹெர்ட்ஸ். இதை வேகமாக மாற்றிச் சொன்னால், ரயில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேலும் கீழும் 1.2 கிலோமீட்டர் எல்லைக்குள் ஓடினால் மட்டுமே கருவி நன்கு செயல்படும். குரோம்பேட்டையிலிருந்து கிளம்பி வேகம் எடுத்து, சானடோரியத்தில் நிற்பதற்காக வேகம் குறைக்கும் வண்டியிடம் அத்தகைய ஒழுங்கை எதிர்பார்க்க இயலாது.

இரண்டாவதாகக் காலத்தை நோக்கலாம். 12 பெட்டிகள் கொண்ட மின்சார ரயிலின் நீளம் சுமார் 250 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு புள்ளியைக் கடக்க 15 நொடிகள் ஆகும். கணக்கின் பொருட்டு நாளொன்றுக்கு 200 வண்டிகள் ஒரு தடத்தைக் கடப்பதாகக் கொண்டால், அதிர்வு நிகழும் நேரம் 3000 நொடிகள், அதாவது 50 நிமிடங்கள். ஒரு நாளின் 3.5 விழுக்காடே அது. முன்னர்க் கண்ட 0.2 மில்லிவாட் கருவி அந்த 50 நிமிடங்களிலும் உச்சத்திலேயே இயங்குவதாகத் தாராளமாகக் கொண்டாலும், ஒரு நாளில் கிடைப்பது 0.6 ஜூல். சராசரியாக 10 மைக்ரோவாட் மட்டுமே எடுக்கும் சிக்கனமான உணரிக்குக்கூட நாளொன்றுக்கு 0.86 ஜூல் வேண்டும்.

தடத்தில் முடுக்கம் இதைவிட மிகுதியாக இருக்கும் என்று மறுத்துரைக்கலாம், அம்மறுப்பு நியாயமானதே. முடுக்கம் ஐந்து மடங்கானால் திறன் இருபத்தைந்து மடங்காகும். நாளொன்றுக்கு 15 ஜூல் கிடைக்கும். ஆயினும் இம்மிகுதி கருவியின் மேம்பாட்டால் வந்ததன்று, மூலத்தின் வலிமையால் வந்தது. அத்துடன் சட்டத்தின் அசைவும் ஐந்து மடங்காவதால், நொறுங்கும் தன்மையுடைய அழுத்தமின் பீங்கானின் களைப்பும் ஆயுளும் புதிய வினாக்களாக எழுகின்றன.

4. மேம்பாட்டு வழிகளின் மதிப்பீடு

பட்டை அகலக் குறையை உணர்ந்த ஆய்வாளர்கள் பல தீர்வுகளை முன்வைத்துள்ளனர். அவற்றை மேற்கண்ட களத்தில் வைத்து நோக்குவது பயன்தரும்.

முதல் வழி, வெவ்வேறு இயல் அதிர்வெண்ணுடைய பல சட்டங்களை வரிசையாக அடுக்குவது. ஷாருஸ் 2006இல் இதனை இயந்திர வடிப்பியாக விளக்கினார். மூலம் எந்த அதிர்வெண்ணில் இருந்தாலும் ஏதேனும் ஒரு சட்டம் இசைந்து அதிரும். ஆனால் அந்நேரத்தில் ஏனைய சட்டங்கள் பெரும்பாலும் வெறும் சுமையே. பட்டை விரிகிறது, கனஅளவுக்குரிய திறன் குறைகிறது. பத்துச் சட்டங்களின் பொருண்மையை ஒரே சட்டத்தில் வைத்துத் தடையைச் சற்று உயர்த்தினால் என்ன கிடைத்திருக்கும் என்னும் ஒப்பீடும் உடன் தரப்பட்டால்தான் இவ்வழியின் ஆதாயத்தை அறிய முடியும்.

இரண்டாம் வழி, இயல் அதிர்வெண்ணையே மாற்றியமைப்பது. சல்லாவும் உடனாய்வாளரும் 2008இல் காந்த விசையைக் கொண்டு ஒரு சட்டத்தை 22 முதல் 32 ஹெர்ட்ஸ் வரை இசைத்துக் காட்டினர். தாம்பரம் தடத்தின் 28 ஹெர்ட்ஸ் அவ்வெல்லைக்குள் அடங்குகிறது. எனினும் காந்தத்தை நகர்த்துவதற்கும் ஆற்றல் வேண்டும். வேகம் மெல்ல மாறும் எந்திரத்தில் அச்செலவு எப்போதாவது ஒருமுறை நேர்வது; 15 நொடிகளில் கடந்துவிடும் வண்டிக்கோ, இசைத்து முடிப்பதற்குள் அதிர்வே நின்றுவிடும். இசைப்புச் செலவைக் கழித்த பின் மிஞ்சும் ஆற்றலே இங்குப் பேசத்தக்கது.

மூன்றாம் வழி, நேர்கோட்டுத்தன்மையைக் கைவிடுவது. 2009இல் எர்டர்க், ஹாஃப்மன், இன்மன் ஆகியோரும், தனியே கொட்டோனே, வொக்கா, கம்மைத்தோனி ஆகியோரும் இருநிலைக் கருவிகளின் சிறப்பை வெளிப்படுத்தினர். காந்தங்களின் நடுவே நிற்கும் சட்டத்துக்கு இரண்டு சமநிலைகள் உண்டு. போதிய அதிர்வு கிடைத்தால் அது ஒரு பள்ளத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி அகன்ற பட்டையில் மிகுந்த ஆற்றல் தருகிறது. இதன் மதிப்பு மறுக்கத்தக்கதன்று. ஆனால் ஒரே அதிர்வுக்கு இரண்டு விடைகள் இயலும்: பள்ளங்களுக்கிடையே தாவும் பேரசைவு ஒன்று, ஒரே பள்ளத்துள் அடங்கும் சிற்றசைவு மற்றொன்று. எது நிகழும் என்பது தொடக்க நிலையைப் பொறுத்தது. ஆய்வகத்தில் சட்டத்தைக் கையால் தட்டியோ, அதிர்வெண்ணை மெல்ல உயர்த்தியோ பேரசைவுக்குள் கொண்டுவரலாம். தடத்திலோ ஒவ்வொரு வண்டியின் வருகையின்போதும் கருவி ஓய்வு நிலையிலிருந்தே தொடங்குகிறது. பேரசைவு எத்தனை முறை தானாகத் தோன்றியது என்னும் விகிதம் தரப்படாத வரை, பேரசைவின் திறன் மட்டும் களத்துக்குரிய எண்ணாகாது.

சீரற்ற அதிர்வைக் கருதிய கோட்பாட்டு ஆய்வுகளும் இவ்வகையில் எச்சரிக்கை தருகின்றன. எல்லா அதிர்வெண்களிலும் சமமாகப் பரவிய வெண் இரைச்சலுக்கு உள்ளாகும் ஒருநிலைக் கருவியில், சுருள்வில்லின் நேர்கோட்டின்மையால் ஆதாயம் இல்லை என்று தக்காக் 2010இல் காட்டினார். அத்தகைய அதிர்வில் கருவிக்குள் நுழையும் திறனைப் பொருண்மையும் இரைச்சலின் செறிவும் மட்டுமே தீர்மானிக்கின்றன என்பதை லாங்லி 2014இல் ஒரு பொது விதியாக நிறுவினார். நுட்பமான வடிவமைப்பு எங்கே பயன்தரும், எங்கே வெறும் எடையே போதும் என்பதை இவ்விதி பிரித்துக் காட்டுகிறது.

நான்காம் வழி, மின்சுற்றைச் செம்மைப்படுத்துவது. அழுத்தமின் பொருளின் மின்னழுத்தத்தை உரிய தருணத்தில் தலைகீழாக்கும் ஆளிச் சுற்றுகளைக் கியோமரும் உடனாய்வாளரும் 2005இல் விரிவாக ஆராய்ந்தனர். இணைப்பு வலுக்குறைந்த கருவிகளில் இச்சுற்றுகள் திறனைப் பலமடங்கு உயர்த்துகின்றன. இணைப்பு வலுவான கருவிகளில், ஒத்ததிர்வின் அருகே, ஆதாயம் சுருங்குகிறது. ஏனெனில் மின்வழியே மிகுதியாக எடுக்க முயலும்போது சட்டத்தின் அசைவே தணிந்துவிடுகிறது. மேலும் ஆளியை இயக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் ஆற்றல் வேண்டும். அதை ஆய்வகத்தின் மின்வழங்கியிலிருந்து பெற்றுக்கொண்டு, அறுவடையின் வரவில் மட்டும் கணக்குக் காட்டுவது முறையாகாது. சாதாரண சிலிக்கான் டையோடுகளால் ஆன முழு அலைத்திருத்தியிலேயே ஒரு வோல்ட்டுக்கும் மேல் இழக்கப்படலாம். சில வோல்ட் மட்டும் தரும் சிறு கருவிக்கு இது சிற்றிழப்பன்று. மின்தடை ஒன்றை நேரே இணைத்து அளந்த திறனுக்கும் மின்தேக்கியில் சேர்ந்த ஆற்றலுக்கும் இடையில் நிற்கும் இவ்விழப்பு வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும்.

5. இறக்குமதியாகும் எண்

இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று ரவுண்டி, ரைட், ரபாய் ஆகியோர் 2003இல் வெளியிட்டது. அன்றாடச் சூழலின் அதிர்வு மூலங்களை அளந்து, 120 ஹெர்ட்ஸில் நொடியின் இருமடிக்கு 2.5 மீட்டர் என்னும் முடுக்கத்தை அவர்கள் ஒப்பீட்டு அடிப்படையாகக் கொண்டனர். அமெரிக்க மின்வலையின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். மின்காந்தக் கருவிகள் அதன் இருமடங்கில், 120 ஹெர்ட்ஸில், அதிர்வது இயல்பு. அங்கே அவ்வெண் களத்தில் அளந்து பெறப்பட்டது.

இந்திய மின்வலை 50 ஹெர்ட்ஸில் இயங்குகிறது; தாம்பரத்துத் தெருமுனை மின்மாற்றியின் முணுமுணுப்பு 100 ஹெர்ட்ஸில் அமைகிறது. 120 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்து, 120 ஹெர்ட்ஸில் அதிர்வு மேசையை இயக்கி, அதில் வெற்றி கண்ட கருவி இங்குள்ள மின்மாற்றியில் ஏறத்தாழ உறங்கியே கிடக்கும். மேற்கோள் காட்டுவது ஆய்வு மரபு. அளவை மேற்கொள்வதோ களத்தை நோக்கியே நிகழ வேண்டும்.

அதே வேளையில், நுண்பட்டைக் கருவிக்கு இங்கு நற்களமும் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று தென் மண்டல மின்வலை நாட்டின் ஏனைய வலையுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்பட்டது. இந்திய மின்வலை விதிகள் அதிர்வெண்ணை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் வைக்க வேண்டுமென்கின்றன. மின்மாற்றியின் 100 ஹெர்ட்ஸில் இது 0.3 ஹெர்ட்ஸ் அகலமே. இரண்டாம் பகுதியில் கண்ட வகையில் தடையைக் குறைத்த கருவி, 100 ஹெர்ட்ஸுக்கு இசைக்கப்பட்டால், 2 ஹெர்ட்ஸ் அகலப் பட்டையுடன் அங்கே தடையின்றி நாள் முழுவதும் இயங்கும். ரயில் தடத்தில் தோற்ற மேம்பாடு மின்மாற்றியில் வெல்கிறது.

மோட்டாரின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தாம்பரத்தில் 1984 முதல் அமைந்துள்ள ஏற்றுமதி மண்டலத்திலும் சுற்றியுள்ள தொழிற்கூடங்களிலும் இயங்குவன போன்ற நான்கு துருவத் தூண்டல் மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்றுகள், அதாவது 25 ஹெர்ட்ஸ். முழுப் பளுவில் அது 1440 சுற்றுகளுக்கு, அதாவது 24 ஹெர்ட்ஸுக்கு இறங்கலாம். மொத்தத் தடையுறு விகிதம் 0.02 உடைய கருவியை 25 ஹெர்ட்ஸுக்கு இசைத்தால், 24 ஹெர்ட்ஸில் உச்சத்தின் ஐந்தில் ஒரு பங்கே கிடைக்கும். மோட்டார் கடுமையாக உழைக்கும் நேரத்தில், கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில், உணரிக்கு ஆற்றல் குறைகிறது. இத்தகைய பிழையை உச்சத் திறன் எண் ஒருபோதும் வெளிக்காட்டாது.

6. ஒப்பிட வேண்டிய மாற்றுகள்

அறுவடைக் கருவியை மற்றோர் அறுவடைக் கருவியுடன் மட்டும் ஒப்பிடுவது ஆய்வுகளில் பரவலான வழக்கம். பயன்படுத்துவோர் ஒப்பிடுவது பொத்தான் மின்கலத்துடனும் சூரியத் தகட்டுடனும் ஆகும். பரவலாகக் கிடைக்கும் 2032 வகைப் பொத்தான் மின்கலத்தில் 3 வோல்ட்டில் சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம், அதாவது ஏறத்தாழ 2400 ஜூல் ஆற்றல் உள்ளது. நாளுக்கு 0.6 ஜூல் தரும் கருவி அதற்கு ஈடாக 11 ஆண்டுகள் உழைக்க வேண்டும். 15 ஜூல் தரும் கருவியாயினும் ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகும்.

சென்னையில் கிடைமட்டப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 5 கிலோவாட்-மணி சூரிய ஆற்றல் கிடைக்கிறது. 15 விழுக்காடு பயனுறு திறனுடைய ஒரு சதுர சென்டிமீட்டர் தகடு அதிலிருந்து ஏறத்தாழ 270 ஜூல் தரும். திறந்த வெளியில் கிடக்கும் தண்டவாளத்தின் அருகே, விரல்நகம் அளவுத் தகடு, 15 ஜூல் தரும் கருவியைப் போல் பதினெட்டு மடங்கு ஆற்றல் தருகிறது.

இதனால் அதிர்வு அறுவடை வீண் என்பது பொருளன்று. அதன் களம் வேறு என்பதே பொருள். வெயில் படாத, மின்கம்பி செல்லாத, மின்கலத்தை மாற்றக் கை எட்டாத இடங்கள் அதற்குரியவை. மின்சார ரயில் பெட்டியில் ஏற்கெனவே மின்சாரம் உள்ளது. அதே தடத்தொகுதியில் செல்லும் சரக்குப் பெட்டிகளில் பொதுவாக மின்வழங்கல் இல்லை. சக்கரத் தாங்கியின் வெப்பத்தையும் அதிர்வையும் அறியும் உணரிக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. அதிர்வும் பயணம் முழுவதும் தொடர்கிறது. பாலத்தின் உட்கூடுகள் மற்றொரு களம். அலி, ஃபிரிஸ்வெல், அதிகாரி ஆகியோர் 2011இல் நெடுஞ்சாலைப் பாலங்களுக்கான அறுவடைக் கருவிகளை ஆராய்ந்தபோது, பாலத்தின் மீது நகரும் வாகனத்தையே அதிர்வின் மூலமாகக் கொண்டனர். மூலத்திலிருந்து தொடங்கிக் கருவிக்கு வரும் இத்தகைய அணுகுமுறை பின்பற்றத்தக்கது.

7. முன்வைக்கப்படும் அளவுகோல்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், செயல்திறன் மேம்பாட்டைக் கோரும் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் பின்வரும் ஐந்தையும் தருவது நலம்.

1. களத்தில் அளந்த அதிர்வுப் பதிவு: எந்த இடம், எவ்வளவு நேரம், எந்த அதிர்வெண்களில் எவ்வளவு முடுக்கம் என்பன. அதிர்வு மேசை அப்பதிவையே மீண்டும் இயக்க வேண்டும்.

2. ஒரு நாளில் மின்தேக்கியிலோ பளுவிலோ சேர்ந்த நிகர ஆற்றல், ஜூல் அலகில். திருத்தி, கட்டுப்பாட்டுச் சுற்று, இசைப்பு ஆகியவற்றின் செலவு கழிக்கப்பட வேண்டும்.

3. உச்சத் திறனுடன் பட்டை அகலமும், பத்து விழுக்காட்டு விலகலில் கிடைக்கும் திறனும்.

4. நேர்கோட்டின்மையுடைய கருவியாயின், ஓய்விலிருந்து தொடங்கிப் பேரசைவை அடைந்த முயற்சிகளின் விகிதம். அதே பொருண்மையும் கனஅளவும் கொண்ட நேர்கோட்டுக் கருவியுடன் ஒப்பீடு.

5. அதே இடத்தில் பொத்தான் மின்கலமும் சூரியத் தகடும் ஏன் போதா என்பதற்கான காரணம்.

இவற்றுள் முதலாவதற்குப் பெருஞ்செலவில்லை. சிறிய முடுக்கமானி ஒன்றும் பதிவுக் கருவி ஒன்றும் உரிய அனுமதியும் போதும். வடிவமைப்புக்கு முன் சில வாரங்களைக் களப்பதிவுக்கு ஒதுக்கும் ஆய்வு மாணவர், பின்னர்த் தவறான அதிர்வெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் சட்டம் செதுக்கும் உழைப்பிலிருந்து தப்புவார்.

முடிவுரை

அதிர்வு ஆற்றல் அறுவடைக் கருவிகளின் மேம்பாடு குறித்த ஆய்வுகள் இயற்பியலில் நுட்பமானவை. அவற்றின் பெரும்பாலான முடிவுகள் தத்தம் எல்லைக்குள் சரியானவை. குறை, எல்லையைக் கூறாமல் உச்ச எண்ணை மட்டும் செயல்திறன் என வழங்குவதில் உள்ளது. தடையைக் குறைக்கும் ஒரே மாற்றம் மின்மாற்றியில் மேம்பாடாகவும், மோட்டாரில் ஐயத்துக்குரியதாகவும், தாம்பரம் தடத்தில் இழப்பாகவும் அமைவதை மேற்கண்ட கணக்குகள் காட்டின. பட்டையை விரிக்கும் வழிகள் ஒவ்வொன்றுக்கும் கனஅளவு, இசைப்பு ஆற்றல், தொடக்க நிலை, சுற்றுச் செலவு என ஒரு விலை உண்டு; அவ்விலையும் கணக்கில் ஏற வேண்டும்.

புறநகர் ரயில் தடம், சரக்குப் பெட்டியின் சக்கரத் தாங்கி, தொழிற்கூட மோட்டார், மேம்பாலத்தின் உட்கூடு ஆகியவற்றின் அதிர்வுப் பதிவுகளை இப்பகுதி நிறுவனங்கள் தொகுத்துப் பொதுவில் வைப்பது அடுத்த கட்ட ஆய்வுக்குரிய பணியாகும். அத்தொகுப்பு அமைந்தால், 120 ஹெர்ட்ஸ் என்னும் அயல் எண்ணுக்கு மாற்றாக இம்மண்ணில் அளந்த எண்ணைக் கொண்டு வடிவமைப்பைத் தொடங்க இயலும்; ஒரு கருவி உண்மையில் மேம்பட்டதா என்பதையும் நாளொன்றுக்கு எத்தனை ஜூல் என்னும் ஒரே வினாவால் தீர்க்க இயலும்.